60 விழுக்காட்டின் கணக்கு

(கனடாவின் ஒஷாவாவில் தமிழ் வாசகர்களிடையே நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒஷாவா என்றதும் எல்லோருக்கும் கார் நினைவுக்கு வரும். எனக்கு இது இரண்டு அணுமின் நிலையங்களுக்கு நடுவே இருக்கும் ஊர். 401 நெடுஞ்சாலையில் ஏறி மேற்கே போனால் பிக்கரிங். கிழக்கே போனால் போமன்வில் வருவதற்கு முன்பே, ஏரிக்கரையில் டார்லிங்டன். 2015-இல் இந்த இரண்டு நிலையங்களையும் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் இருந்த வீடுகளுக்கெல்லாம் பொட்டாசியம் அயோடைடு மாத்திரை வந்து சேர்ந்தது. எந்த அலமாரியில் வைத்தோம் என்று உங்களில் பாதிப்பேருக்கு மறந்திருக்கும். அந்த மாத்திரை, விபத்தில் வெளியேறக்கூடிய அயோடின்-131-ஐ எண்ணிக் கொடுத்தது. இன்று என் பேச்சில் வரப்போவது அயோடின்-135. அது வெளியே வந்து நம்மை ஒன்றும் செய்யாது. உலைக்குள்ளேயே இருந்துகொண்டு அதை இயக்குகிறவர்களைப் படுத்தும்.

2003 ஆகஸ்ட் 14, வியாழக்கிழமை, பிற்பகல் 4 மணி 10 நிமிடம். ஒஹாயோவில் தொடங்கிய கோளாறு கம்பி வழியே பரவி, அமெரிக்காவின் வடகிழக்கிலும் ஒன்டாரியோவிலுமாக ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு மின்சாரம் போனது. ஸ்கார்பரோவில் லிஃப்ட் நின்று பத்துப் பதினைந்து மாடி ஏறியவர்கள் இந்த அரங்கிலேயே இருப்பீர்கள். அன்று ஒன்டாரியோவில் ஓடிக்கொண்டிருந்த அணுஉலைகள் 11. அவற்றில் 7 நின்றுபோயின. மீதி 4 உலைகள் கம்பியிலிருந்து கழன்றாலும் அணையவில்லை. திறனை 60 விழுக்காட்டுக்கு இறக்கிக்கொண்டு காத்திருந்தன. புரூஸ் நிலையத்தில் மூன்று, டார்லிங்டனில் ஒன்று. அந்த நான்கும் 6 மணி நேரத்துக்குள் மறுபடி மின்சாரம் கொடுத்தன. டார்லிங்டனில் இருந்த மற்ற மூன்று உலைகள் 17, 18 தேதிகளில்தான் திரும்பின. பிக்கரிங் உலைகள் திரும்ப 22-ஆம் தேதியும் அதற்கு மேலும் ஆனது.

இதைக் கவனியுங்கள். டார்லிங்டனின் நான்கு உலைகளும் ஒரே வடிவம், ஒரே வளாகம். நான்குக்கும் வந்த அடி ஒன்றே. 60-க்கு இறங்கி நின்ற உலை அன்றிரவே வேலைக்குத் திரும்பியது; பூஜ்யத்துக்குப் போனவை மூன்று நாள் படுத்தன. 60-க்கும் பூஜ்யத்துக்கும் இடையிலான இந்த வித்தியாசத்தை நேர்கோட்டுக் கணக்கில் பிடிக்க முடியாது. அதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

கட்டுப்பாட்டியலில் எந்த எந்திரத்தையும் முதலில் ஒரு பெட்டியாக வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் நாம் கொடுப்பது உள்ளீடு. மறுபக்கம் வருவது வெளியீடு. கொடுத்ததை இரட்டித்தால் வருவதும் இரட்டிக்கும், இரண்டு உள்ளீடுகளைச் சேர்த்துக் கொடுத்தால் இரண்டு வெளியீடுகளும் சேர்ந்து வரும் என்றால் அது நேரியல் அமைப்பு. பாடப்புத்தகத்தில் முக்கால்வாசி இதைப் பற்றியதுதான். உலகம் அப்படி இருப்பதால் அல்ல, கணக்கு அப்படி இருந்தால் முடியும் என்பதால்.

பேராதனை, மொறட்டுவை, கிண்டி என்று பல இடங்களில் பொறியியல் படித்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தவர்களுக்கு, நேரியல் அல்லாத, அதாவது நேரிலா அமைப்பு என்றால் உடனே கண்முன் வருவது கூம்புத் தொட்டி. தலைகீழாக நிறுத்திய கூம்பு. மேலே தண்ணீர் விழும், அடியில் ஒரு வால்வு வழியாக வெளியேறும். மட்டத்தை ஓர் இடத்தில் நிறுத்த வேண்டும். இந்தத் தொட்டி இல்லாத ஆய்வகம் இல்லை, இதைப் பற்றி ஆய்வேடு எழுதாத எம்.இ. மாணவர் இல்லை என்று நாங்களே கேலி பேசிக்கொள்வோம். ஆனால் அதில் விஷயம் இருக்கிறது.

அடியில் வெளியேறும் ஓட்டம் மட்டத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. தண்ணீர்ப் பரப்போ மட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, கூம்பு மேலே போகப்போக அகலுவதால். இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், தொட்டி ஒரு மாற்றத்துக்கு ஈடுகொடுக்க எடுக்கும் காலம் மட்டத்தின் இரண்டரையாவது அடுக்கில் ஏறும். மட்டம் 10 சென்டிமீட்டரில் இருக்கும்போது ஆகும் நேரத்தைவிட 40 சென்டிமீட்டரில் 32 மடங்கு ஆகும். தொட்டி அதேதான், வால்வும் அதேதான். 10-இல் அழகாக வேலை செய்யும்படி சரிசெய்த பி.ஐ. (விகித–தொகையீட்டு) கட்டுப்படுத்தியை அப்படியே 40-க்குக் கொண்டுபோனால் மட்டம் மேலும் கீழுமாக நெடுநேரம் ஆடிக்கொண்டிருக்கும். 40-க்குச் சரிசெய்ததை 10-க்குக் கொண்டுவந்தால் பிழையைக் களைய அதற்கு மனசே வராது. ஆலைகளில் இதற்கு வைத்தியம் எளிது. மட்டத்துக்கேற்ப எண்களை மாற்றிக்கொண்டே போகும் அட்டவணை ஒன்றைப் போட்டுவிடுவார்கள்.

கூம்புத் தொட்டி ஒரு விதத்தில் நல்ல பிள்ளை. அதன் மட்டத்தைப் பார்த்தாலே அது இனி என்ன செய்யும் என்று சொல்லிவிடலாம். ஒளித்துவைத்தது ஒன்றுமில்லை. அணுஉலை அப்படியல்ல. ஒரே திறனில், ஒரே வெப்பத்தில், கட்டுப்பாட்டுத் தண்டுகளின் ஒரே நிலையில் இரண்டு உலைகள் இருக்கலாம். அடுத்த பத்து மணி நேரத்தில் இரண்டும் வெவ்வேறு திசையில் போகலாம். நேற்று என்ன செய்தது என்பது உள்ளே எங்கோ எழுதப்பட்டிருக்கிறது, அதை நேரடியாகப் படிக்கும் கருவி எதுவும் இல்லை.

முதலில் உலையின் மைய வாய்ப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். நியூட்ரான் யுரேனியத்தைப் பிளக்கிறது, பிளவிலிருந்து புதிய நியூட்ரான்கள் வருகின்றன, அவற்றில் சில அடுத்த பிளவைச் செய்கின்றன, சில வீணாகின்றன. ஒரு தலைமுறைக்கு வரவு செலவு போக மிஞ்சுவதைத்தான் ரியாக்டிவிட்டி என்கிறோம். ஆயிரத்தில் ஒரு பங்கு மிஞ்சினால் ஒரு மில்லி-கே. திறன் எவ்வளவு வேகத்தில் மாறும் என்றால், ரியாக்டிவிட்டியைத் திறனால் பெருக்கிய அளவுக்கு. நம் உள்ளீடு ரியாக்டிவிட்டி, வெளியீடு திறன். உள்ளீட்டையும் வெளியீட்டையும் சமன்பாடு ஒன்றோடொன்று பெருக்கிவிடுகிறது. நேரிலாத் தன்மை எல்லாம் இந்த ஒரு பெருக்கல் குறியில் உட்கார்ந்திருக்கிறது. இவ்வகை அமைப்புகளை இருநேரியல் அமைப்புகள் என்று தனி இனமாக வைத்து ஆராய்ந்தார்கள். அதில் முன்னோடியான ரொனால்டு மோலர் அணுஉலைக் கட்டுப்பாட்டிலும் வேலை செய்தவர்.

இதன் விளைவு என்ன? தண்டை ஒரு விரற்கடை இழுத்தால், 100 விழுக்காட்டில் இருக்கும் உலை எவ்வளவு துள்ளுமோ அதில் பத்தில் ஒரு பங்குதான் 10 விழுக்காட்டில் துள்ளும். உலையைத் தொடங்கும்போது திறன் முழுத்திறனின் கோடியில் ஒரு பங்காக இருக்கும், அங்கிருந்து ஏற்றிக்கொண்டு வர வேண்டும். அவ்வளவு பெரிய வீச்சில் எந்த நேரியல் கட்டுப்படுத்தி தாங்கும்? பழைய பொறியாளர்கள் இதற்கு ஒரு குறுக்குவழி வைத்திருந்தார்கள். திறனைப் பார்க்காதே, அதன் மடக்கையைப் பார். மடக்கை எடுத்தவுடன் அந்தப் பெருக்கல் கரைந்துபோகும், தண்டின் ஒரே அசைவு எங்கேயும் ஒரே பதிலைத் தரும். 1980-களில் ரோமாபுரியின் ஆல்பெர்ட்டோ இசிதோரி போன்றவர்கள் உள்ளீடு–வெளியீட்டு நேரியலாக்கம் என்று வடிவகணிதத்தோடு நிறுவிய கோட்பாட்டின் எளிய நிகழ்வு இது. கோட்பாடு வருவதற்குப் பல ஆண்டு முன்பே உலைக் கட்டுப்பாட்டு அறையில் மடக்கைப் பெருக்கி பொருத்தியாகிவிட்டது. கணிதம் பின்னால் வந்து பெயர் வைத்தது. இது அடிக்கடி நடப்பதுதான்.

இன்னொரு நல்ல காலமும் உலையில் இருக்கிறது. பிளவில் வரும் நியூட்ரான்களில் ஆயிரத்துக்கு ஆறேழு உடனே வருவதில்லை. விநாடிகள் கழித்து, சில ஒரு நிமிடம் கழித்துக்கூட வருகின்றன. அந்த ஆறேழு தாமதக்காரர்கள் இல்லையென்றால் மனிதனோ கணினியோ உலையைப் பிடித்து நிறுத்த முடியாது. கேண்டு எனப்படும் நம் ஒன்டாரியோ கனநீர் உலைகளில் அந்தக் கனநீரும் தன் பங்குக்குக் கொஞ்சம் தாமத நியூட்ரான்களைத் தருகிறது. இதோடு இதை விடுகிறேன், ஏனென்றால் ஆகஸ்ட் 14-இன் கணக்கு நிமிடங்களில் இல்லை, மணிகளில் இருக்கிறது.

யுரேனியம் பிளக்கும்போது நூற்றுக்கு ஆறு என்ற அளவில் கடைசியில் அயோடின்-135 கிடைக்கிறது. அதன் அரை ஆயுள் 6.6 மணி. அது சிதைந்து செனான்-135 ஆகிறது. இதன் அரை ஆயுள் 9.1 மணி. செனான்-135 அளவுக்கு நியூட்ரானை விழுங்கும் பொருள் உலையில் வேறு கிடையாது. 1944 செப்டம்பரில் அமெரிக்காவின் ஹான்ஃபோர்டில் முதல் பெரிய உலையை ஓடவிட்டபோது, சில மணி நேரத்தில் திறன் தானாக இறங்கி உலை அணைந்துவிட்டது; கொஞ்ச நேரம் கழித்து மறுபடி உயிர் வந்தது. என்ரிக்கோ ஃபெர்மி பக்கத்தில் இருந்தார். ஜான் வீலர் அந்த ஏற்ற இறக்கத்தின் நேர இடைவெளியை வைத்தே குற்றவாளி செனான் என்று கண்டுபிடித்தார். உள்ளே யாரும் பார்க்கவில்லை. வெளியீட்டின் வளைகோடு மட்டுமே சாட்சி.

செனானுக்கு வரவு ஒரு வழி என்று வைத்துக்கொள்ளலாம், அயோடினிலிருந்து. செலவுக்கு இரண்டு வழி. ஒன்று, தானாகச் சிதைவது. மற்றொன்று, நியூட்ரானை விழுங்கி வேறு பொருளாக மாறிவிடுவது. இந்த இரண்டாவது வழி செனானின் அளவையும் திறனையும் பெருக்கினால் வருவது. மறுபடியும் ஒரு பெருக்கல். முழுத்திறனில் ஓடும் கேண்டு உலையில் செனானின் செலவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இந்த வழியில்தான் போகிறது. அதாவது உலை தன் நஞ்சைத் தானே எரித்துக்கொண்டு ஓடுகிறது. எரித்தது போக நிலையாக நிற்கும் செனானின் சுமை சுமார் 28 மில்லி-கே.

இப்போது உலையை நிறுத்துங்கள். எரிப்பது அந்தக் கணமே நின்றுபோகும். அயோடின் அதை அறியாது. அது முன்னே சேர்ந்த கணக்கில் செனானைக் கொட்டிக்கொண்டே இருக்கும். வேகத்தைக் கணக்குப் பார்த்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய அரை மில்லி-கே. கேண்டு உலையில் இதைச் சமாளிக்க அட்ஜஸ்டர் தண்டுகள் என்று இருக்கின்றன. வழக்கமாக உலைக்குள்ளேயே நிற்பவை, வெளியே இழுத்தால் ஏறத்தாழ 15 மில்லி-கே கையில் கிடைக்கும். 15-ஐ அரையால் வகுத்தால் 30. உலை நின்ற அரைமணி நேரத்துக்குச் சற்று மேல் வரைதான் அவகாசம். அதற்குள் மீண்டும் தொடங்காவிட்டால் எல்லாத் தண்டையும் இழுத்தாலும் உலை உயிர்பெறாது. செனான் ஏறிக்கொண்டே போய், பத்து மணி நேரத்தில் 28 என்பது நூறைத் தாண்டி உச்சத்துக்குப் போகும். பிறகு மெல்ல இறங்கும். மறுபடி தொடங்கும் நிலைக்கு வர ஒன்றரை நாள் ஆகும். இது செனானுக்கு மட்டுமான காலம். சோதனைகள், கம்பியின் நிலைமை எல்லாம் சேர்ந்து அன்று டார்லிங்டனில் மூன்று நாளானது.

திறனைப் பூஜ்யத்துக்குப் பதில் 60-க்கு இறக்கினால்? எரிப்பது நிற்காது, குறையும். அயோடினின் பழைய பாக்கி வந்துகொண்டிருக்கும், செனான் ஏறும், ஆனால் இரண்டு மூன்று மணி நேரத்தில் உச்சம் தொட்டு இறங்கிவிடும். என் கணக்கில் அந்தக் கூடுதல் சுமை பத்து மில்லி-கே அளவில் நிற்கிறது. 15-க்குள் அடங்கிவிட்டது. இதைவிட வேடிக்கை பிறகு வருவது. திறன் 40 விழுக்காடு குறைந்தும், எல்லாம் அடங்கியபின் நிலைத்து நிற்கும் செனான் முன்னைவிட ஏறத்தாழ 5 விழுக்காடுதான் குறைவாக இருக்கும். பூஜ்யத்துக்குப் போனால் நான்கு மடங்கு ஏறுகிறது, 60-க்குப் போனால் மூன்றில் ஒரு பங்கு ஏறி இறங்குகிறது. நேரியல் அமைப்பாக இருந்தால் 60-க்கு இறக்கியதன் விளைவு, முழுதாக நிறுத்தியதன் விளைவில் 40 விழுக்காடு இருந்திருக்க வேண்டும். இருந்திருந்தால் அந்த 15 மில்லி-கே போதவே போதாது, 11 உலைகளும் படுத்திருக்கும்.

ஆக அந்த 60 யாரோ வட்டமாக இருக்கட்டும் என்று வைத்த எண் அல்ல. அயோடின், செனான் என்ற இரண்டு சமன்பாடுகளை எழுதி, அதில் ஒரு பெருக்கல் குறியைப் போட்டு, தண்டின் பலத்தோடு ஒப்பிட்டுப் பெற்ற எண். மின்தடை நாளில் உலையின் நீராவியை விசையாழிக்கு அனுப்ப முடியாது; நேரே குளிர்கலனில் கொட்டித்தான் அந்த 60 விழுக்காட்டை ஓட்டினார்கள். மின்சாரம் ஒரு வாட் கூட விற்காமல் எரிபொருளை எரித்துக்கொண்டிருந்தது வீண் செலவு என்று அன்று யாராவது நினைத்திருந்தால், ஒன்டாரியோ இன்னும் கூடுதல் நேரம் இருட்டில் தடுமாறியிருக்கும்.

(அந்த மின்தடைக்குச் சில வாரம் கழித்துத்தான், அதே செப்டம்பரில், இன்றைய ஒன்டாரியோ டெக் பல்கலைக்கழகம் இந்த ஊரில் தன் முதல் மாணவர்களுக்குக் கதவைத் திறந்தது. அணுப் பொறியியலில் இளநிலைப் பட்டம் தரும் பல்கலைக்கழகம். பாடம் நடத்த ஆசிரியர்களுக்கு அதைவிடப் புத்தம் புதிய உதாரணம் கிடைத்திருக்காது.)

இதுவரை உலையை ஒரு புள்ளியாக நினைத்துப் பேசினேன். டார்லிங்டன் உலை புள்ளியல்ல. படுக்கவைத்த பெரிய உருளை. அதில் 480 எரிபொருள் குழாய்கள். இவ்வளவு பெரிய உலையில் ஒரு மூலையில் நடப்பது எதிர்மூலைக்குச் சட்டென்று தெரியாது. இடப்பக்கம் திறன் கொஞ்சம் கூடுகிறது என்று வையுங்கள். அங்கே செனான் வேகமாக எரிகிறது. செனான் குறைந்தால் திறன் இன்னும் கூடும். மொத்தத் திறன் மாறாமல் இருக்க வலப்பக்கம் குறையும், அங்கே செனான் குவியும். பல மணி கழித்து இடப்பக்கத்தில் சேர்ந்த அயோடின் செனானாக மாறி அடக்க, ஊஞ்சல் மறுபக்கம் போகும். ஓர் ஆட்டத்துக்கு ஒரு நாள் அளவில் ஆகும். மொத்தத் திறனைக் காட்டும் முள் மட்டும் அசையாமல் 100-இல் நிற்கும். ஓர் உள்ளீடு, ஒரு வெளியீடு என்று மாதிரி எழுதியவருக்கு இந்த ஊஞ்சல் தெரியவே தெரியாது.

அதனால்தான் கேண்டு உலைக்குள் 14 அறைகள் வைத்திருக்கிறார்கள். கனநீர் உலைக்குள்ளே, மண்டலத்துக்கு ஒன்றாக, சாதாரணத் தண்ணீர் நிரம்பும் அறைகள். சாதாரணத் தண்ணீர் நியூட்ரானை விழுங்கும். எந்த மண்டலத்தில் திறன் கூடுகிறதோ அந்த அறையில் தண்ணீரை ஏற்று, குறைகிற இடத்தில் இறக்கு. கணினி இதை அரை விநாடிக்கு ஒருமுறை கணக்கிட்டு வால்வுகளுக்குக் கட்டளை தருகிறது. இந்தச் சங்கிலியைக் கண்ணை மூடித் தொடர்ந்து போங்கள்: வால்வின் திறப்பிலிருந்து ஓட்டம், ஓட்டம் சேர்ந்து மட்டம், மட்டத்திலிருந்து ரியாக்டிவிட்டி (இது நேர்கோடு அல்ல, தொடக்கத்திலும் முடிவிலும் மந்தமாகி நடுவில் செங்குத்தாகும் வளைகோடு), ரியாக்டிவிட்டியைத் திறனோடு பெருக்கித் திறன், திறனைச் செனானோடு பெருக்கி மறுபடி ரியாக்டிவிட்டி. அளக்கும் கருவியும் சும்மா இருப்பதில்லை. வனேடியம் உணரி துல்லியமானது, ஆனால் பதில் சொல்ல ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்ளும். பிளாட்டினம் உணரி உடனே சொல்லும், கொஞ்சம் தப்பாகச் சொல்லும். வேகமானவன் சொல்வதைக் கேட்டு மெதுவானவனிடம் சரிபார்ப்பது கட்டுப்பாட்டு நிரலின் பாதி வேலை.

கல்பாக்கத்தில் இந்தத் தலைவலி இல்லை. 1980-களில் ஓடத்தொடங்கிய சென்னை அணுமின் நிலைய உலைகள் இதே கனநீர்க் குடும்பம்தான். கனடாவின் டக்ளஸ் பாயின்ட் வழியாக ராஜஸ்தானுக்கு வந்து, அங்கிருந்து இறங்கிய வம்சம். ஆனால் 220 மெகாவாட் உலை சிறியது. ஒரு மூலை செய்வது மறுமூலைக்குத் தெரிந்துவிடும். தாராப்பூரில் 540 மெகாவாட் உலைகளைக் கட்டியபோதுதான் இந்தியாவுக்கு 14 அறைகள் தேவைப்பட்டன. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஏ. பி. திவாரியும், மும்பை ஐ.ஐ.டி.யின் பி. பந்தோபாத்யாயும் அவர்களோடு சேர்ந்தவர்களும் 1990-களிலேயே இதற்கான மாதிரியை எழுதிவிட்டார்கள். மண்டலம் ஒன்றுக்குத் திறன், தாமத நியூட்ரான், அயோடின், செனான், தண்ணீர் மட்டம் என்று ஐந்து எண் வைத்தாலே 14 மண்டலத்துக்கு 70 மாறிகள். அவற்றில் சில நொடிக்குள் மாறும், சில நாள் கணக்கில் மாறும். இரண்டையும் ஒரே கணக்கில் போட்டால் கணினி திணறும். வேகமானதையும் மெதுவானதையும் பிரித்துக் கையாளுவதில்தான் அந்த ஆய்வுகளின் சாமர்த்தியம்.

இங்கே ஒருவர் கேட்கலாம்: இவ்வளவு இயற்பியல் எதற்கு? உள்ளீட்டையும் வெளியீட்டையும் பதிவு செய்து, கணினியிடம் கொடுத்து, நீயே கண்டுபிடி என்றால் ஆகாதா?

இது பழைய ஆசை. இத்தாலியக் கணிதர் வீட்டோ வோல்ட்டெராவின் தொடரை எடுத்து நேரிலா மின்சுற்றுகளுக்கு நோர்பர்ட் வீனர் 1942-இலேயே பொருத்திப் பார்த்தார். கடந்த உள்ளீடுகளைத் தனித்தனியாகவும், இரண்டிரண்டாகப் பெருக்கியும், மும்மூன்றாகப் பெருக்கியும் கூட்டு. எந்த மிதமான நேரிலா அமைப்பையும் பிடித்துவிடலாம். விலையைப் பாருங்கள். கடந்த 20 அளவீடுகளை நினைவில் வைத்தால் முதல் அடுக்குக்கு 20 எண்கள் போதும். இரண்டாம் அடுக்குக்கு 210. மூன்றாவதற்கு 1,540. செனானுக்கு இரண்டு நாள் நினைவு வேண்டும், தாமத நியூட்ரானுக்கு விநாடி நுணுக்கம் வேண்டும். எண்களைக் கண்டுபிடிக்கவே உலையின் ஆயுள் போதாது.

இந்த வெள்ளத்தை அடக்க வழி தேடியவர்களில் நமக்கு நெருக்கமான ஒருவர் கும்பதி எஸ். நரேந்திரா. சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1954-இல் மின்பொறியியல் பட்டம் பெற்று, ஹார்வர்டு போய், யேல் பல்கலைக்கழகத்தில் வாழ்நாளைக் கழித்தவர். 1966-இல் பி. ஜி. கால்மனோடு (Gallman) சேர்ந்து ஹாமர்ஸ்டைன் மாதிரிக்கு வழி சொன்னார்: நேரிலாத் தன்மையையெல்லாம் முன்வாசலில் ஒரே பெட்டியில் அடைத்துவிடு, பின்னால் வருவது நேரியலாக இருக்கட்டும். வால்வு மட்டும் கோணலாக இருக்கும் ஆலைக்கு இது அருமையான மாதிரி. 1990-இல் பார்த்தசாரதியோடு எழுதிய கட்டுரைதான் பெரும்புகழ் பெற்றது. செயற்கை நரம்பு வலைகளை வைத்து நேரிலா அமைப்பை அடையாளம் காண்பதும் கட்டுப்படுத்துவதும் அதன் பொருள். அதில் உள்ளீடு–வெளியீட்டு மாதிரிகளை நான்காகப் பிரித்தார்கள். பழைய வெளியீடுகள் நேரியலாகவும் உள்ளீடுகள் கோணலாகவும் வருவது முதல் வகை. வெளியீடுகள் கோணல், உள்ளீடுகள் நேர் என்பது இரண்டாம் வகை. இரண்டும் கோணல், ஆனால் தனித்தனியாகக் கூட்டிவிடலாம் என்பது மூன்றாவது. பிரிக்கவே முடியாமல் பின்னிக் கிடப்பது நான்காவது. கட்டுப்பாட்டுக்கு வசதியானது இரண்டாவது என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். நம் உலையில் உள்ளீடும் வெளியீடும் பெருக்கிக்கொள்வதால் அது நான்காவதில் போய் விழுகிறது.

நரம்பு வலைக்கு நான்காவது வகையும் பயமில்லை. பயம் வேறிடத்தில். டார்லிங்டனின் 1-ஆம் உலை 2021 பிப்ரவரியில் ஓர் உலக சாதனையை முடித்தது: 1,106 நாள் நிற்காமல் ஓடியது. அதற்குமுன் சாதனை கர்நாடகத்தின் கைகா உலையிடம் இருந்தது, 962 நாள். இரண்டும் கனநீர் உலைகள். ஓடிக்கொண்டிருக்கும்போதே எரிபொருள் மாற்றலாம் என்பதால் இது முடிகிறது. மூன்று ஆண்டுத் தரவு, அரை விநாடிக்கு ஒருமுறை கணக்குப் போட்ட உலை. எண்கள் மலைபோலக் குவிந்திருக்கும். அதைக் கொண்டுபோய் ஒரு நரம்பு வலைக்குக் கற்பித்தால் அது என்ன கற்றுக்கொள்ளும்? 100 விழுக்காட்டின் அக்கம்பக்கத்தை மட்டும். அங்கே எல்லாம் நேர்கோடுதான். நிறுத்திய பத்தாவது மணியில் செனான் நான்கு மடங்காகும் என்பது அந்த மலையில் எங்கும் இல்லை, ஏனென்றால் உலை அங்கே போகவே இல்லை. நிலையத்துக்குப் பெருமையான ஓட்டம் மாதிரி எழுதுகிறவனுக்குப் பட்டினி. தரவின் அளவைச் சொல்லிப் பெருமைப்படுகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றே: உங்கள் எந்திரம் எங்கெல்லாம் போய்வந்தது? இரண்டு சமன்பாடும் ஒரு பெருக்கல் குறியும் அது போகாத இடத்தையும் சொல்லின. இயற்பியல் தெரிந்த இடத்தில் அதை விட்டுவிட்டுத் தரவை மட்டும் நம்புவது சோம்பேறித்தனம் என்பேன். இயற்பியல் தெரியாத இடத்தில், ஆற்றுநீர் ஆலையிலோ மனித உடலிலோ, நரேந்திராவின் வழி இல்லாமல் ஒன்றும் நடக்காது என்பதும் உண்மை.

உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாமல் உறுதி சொல்ல முடியுமா என்று கேட்ட ஒருவர் இந்த நாட்டுக்காரர். ஜார்ஜ் சேம்ஸ். 1934-இல் போலந்தின் லோட்ஸில் பிறந்த யூதச் சிறுவன். போர் வந்ததும் குடும்பம் லிதுவேனியாவுக்கு ஓடி, அங்கே ஜப்பானியத் தூதரக அதிகாரி சுகிஹாரா எழுதிக்கொடுத்த விசாவில் ஜப்பான் போய், ஷாங்காயில் போர்க்காலத்தைக் கழித்து, 1948-இல் கனடா வந்தது. மொன்ட்ரியாலின் மக்கில் பல்கலைக்கழகத்தில் படித்து, பின்னாளில் அங்கேயே பேராசிரியராகி, 1997-இல் இறந்தார். எல்லை தாண்டி விசாவில் பிழைத்த குடும்பங்களுக்கு இந்தக் கதையை நான் விளக்க வேண்டியதில்லை. 1966-இல் அவர் இரண்டு பகுதியாக எழுதிய கட்டுரை சொல்வது இது: ஒரு பின்னூட்ட வளையத்தில் இரண்டு பெட்டிகள், ஒவ்வொன்றும் தனக்கு வருவதை அதிகபட்சம் எத்தனை மடங்கு பெருக்கும் என்று மட்டும் சொல், இரண்டு மடங்குகளையும் பெருக்கினால் ஒன்றுக்குக் குறைவா? அப்படியானால் உள்ளே எவ்வளவு கோணலாக இருந்தாலும் வளையம் எல்லை மீறாது. பெல் ஆய்வகத்தின் இர்வின் சாண்ட்பெர்க்கும் அதே காலத்தில் அதே முடிவுக்கு வந்து சேர்ந்தார். அந்தக் கோட்பாட்டைப் பாடமாக வளர்த்தவர்களில் ஆந்திரத்து எம். வித்யாசாகர் உண்டு, அவரும் பல ஆண்டு மொன்ட்ரியாலிலும் வாட்டர்லூவிலும் கற்பித்தவர்தான்.

அணுஉலைக்கு இதை எடுத்தவுடன் போட முடியாது. ரியாக்டிவிட்டி ஒரு துளி மிஞ்சி நின்றாலும் திறன் ஏறிக்கொண்டே போகும். எத்தனை மடங்கு என்பதற்கு முடிவே இல்லை. உள்ளே ஒரு பின்னூட்ட வளையத்தைக் கட்டி அடக்கியபிறகுதான் சேம்ஸின் அளவுகோலை நீட்டலாம். அதுவும் பொய்த்தால்? டார்லிங்டனில் கட்டுப்பாட்டுக் கணினிக்கு எந்தத் தொடர்பும் இல்லாத இரண்டு தனி நிறுத்த அமைப்புகள் இருக்கின்றன. ஒன்று மேலிருந்து தண்டுகளை விழவைக்கும். மற்றொன்று கடோலினியம் கலந்த திரவத்தைப் பீய்ச்சும். இந்த நிறுத்த அமைப்புகளின் தர்க்கத்தை முழுக்கக் கணினி நிரலில் எழுதியது டார்லிங்டனில்தான். அந்த நிரல் சரியென்று எப்படி நம்புவது என்ற கேள்வியில் 1990-ஐ ஒட்டி உரிமம் இழுபறியானது. கணினி அறிஞர் டேவிட் பார்னஸ் ஒழுங்குமுறை ஆணையத்துக்கு ஆலோசகராக வந்து, நிரலின் ஒவ்வொரு பகுதியையும் உள்ளீடு இது, வெளியீடு இது என்று அட்டவணையாக எழுதிச் சரிபார்க்கவைத்தார். கட்டுப்படுத்தும் கணினியின் மாதிரியை அவ்வளவு நுணுக்கமாக எழுதியவர்கள், நிறுத்தும் அமைப்பை அந்த மாதிரியின் பக்கமே தலைவைத்துப் படுக்கவிடவில்லை.

இப்போது டார்லிங்டன் வளாகத்தில் புதிதாக ஒன்று எழும்புகிறது. 300 மெகாவாட் சிறு உலை. 2025 ஏப்ரலில் கட்டுவதற்கு உரிமம் கிடைத்தது. இது கேண்டு அல்ல, கொதிநீர் உலை. 14 அறைகள் இல்லை, கனநீர் இல்லை. செனான் ஊஞ்சல் இதில் பெரிய கவலையுமில்லை. ஆவிக் குமிழ்கள் கூடினால் திறன் உடனே குறைந்துவிடுவதால் ஊஞ்சல் ஆடும் முன்பே அடங்கும். ஆனால் அதே குமிழ் வேறொரு நேரிலாக் கதையைக் கொண்டுவருகிறது. 1988 மார்ச் 9 அன்று இல்லினாயின் லாசால் நிலையத்தில் கொதிநீர் உலை ஒன்றின் சுழற்சி பம்புகள் நின்றன. ஓட்டம் குறைந்தபின் திறன் இரண்டு மூன்று விநாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கத் தொடங்கி, ஆட்டம் பெருகி, 118 விழுக்காட்டைத் தொட்டபோது உலை தானாக நின்றது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே ஹோசே மார்ச்-லியுபாவும் கூட்டாளிகளும் ஐந்தே சமன்பாட்டில் இவ்வகை உலையின் மாதிரியை எழுதி, ஓர் எல்லையைத் தாண்டினால் அது வெடிக்கவும் செய்யாது, அடங்கவும் செய்யாது, ஒரே வீச்சில் ஆடிக்கொண்டே இருக்கும் என்று காட்டியிருந்தார்கள். நேரியல் மாதிரிக்கு அப்படி ஒரு நடுநிலை தெரியாது. அதற்கு ஒன்று வளர வேண்டும், அல்லது தேய வேண்டும்.

டார்லிங்டனுக்கு வரும் உலையில் சுழற்சி பம்புகளே கிடையாது. சூடான தண்ணீர் தானாக மேலே போய், குளிர்ந்தது தானாகக் கீழே வருகிறது. பம்பு இருந்தவரை ஓட்டம் நாம் கொடுக்கும் உள்ளீடு. இங்கே ஓட்டத்தையும் திறனே தீர்மானிக்கிறது, அது வெளியீடாகிவிட்டது. முழுத்திறனில், முழு அழுத்தத்தில் இது சாதுவாக இருக்கும். உலையைத் தொடங்கும் முதல் சில மணி நேரத்தில், அழுத்தம் குறைவாகவும் ஓட்டம் மெதுவாகவும் இருக்கும்போதுதான் அந்த எல்லைக்கோடு மிக அருகில் வரும். திறனையும் ஓட்டத்தையும் இரு அச்சாக வைத்து வரைந்த படத்தில் அந்தக் கோட்டை எங்கே போடுவது, அதற்கு எவ்வளவு தள்ளி நின்று உலையைச் சூடேற்றுவது என்பதற்கான கணக்கு, உலை ஓடத் தொடங்கும் முன்பே கையில் இருந்தாக வேண்டும்.